மூன்று நிமிட மகாராஜாக்கள்

கே: கல்லூரிகளுக்கு இடையிலான பிளிட்ஸ் ஆட்டம். என்னிடம் ராணியும் இரண்டு யானைகளும். எதிராளியிடம் ராஜாவும் ஒரே ஒரு சிப்பாயும். என் நேரம் முடிந்ததும் நான் தோற்றதாக நடுவர் சொல்லிவிட்டார். நியாயமா? (மாணவர், போலகம்)

ப: ஃபிடே சட்டம் நடுவர் பக்கம். நேரம் தீர்ந்தவர் தோற்றவர். எதிராளியால் எந்த வழியிலும் மேட் வைக்க முடியாது என்றால் மட்டுமே டிரா. தனி ராஜாவாக இருந்திருந்தால் பிழைத்திருப்பீர்கள். அந்த ஒற்றைச் சிப்பாய் எட்டாம் கட்டம் போய் ராணியாகலாமே! இத்தனை படை வைத்துக்கொண்டு அதை ஏன் உயிரோடு விட்டீர்கள்? அடுத்த முறை பத்து விநாடிதான் மிச்சம் என்றால் மேட் தேடாதீர்கள். சிப்பாயைத் தின்னுங்கள், டிராவாவது மிஞ்சும்.

கே: ஒரு கையால் காயை நகர்த்தி, மறு கையால் கடிகாரத்தை அமுக்கினால் நேரம் மிச்சமாகுமே? (மாணவர், நிரவி)

ப: ஆகும். அதனால்தான் தடை. நகர்த்திய கையேதான் அமுக்க வேண்டும். மறு கை தலையைச் சொறிய.

கே: பிளிட்ஸ் ஆடினால் மூளை கெட்டுவிடும் என்கிறார் எங்கள் பேராசிரியர். (மாணவர், காரைக்கால்)

ப: ஆனந்துக்குக் கெட்டதாகத் தகவல் இல்லை. சென்னை மிகைல் தால் சதுரங்கக் கழகத்தில் அவர் சிறுவனாக பிளிட்ஸ் ஆடியபோது, ஜெயித்தவர் உட்கார்ந்திருப்பார். தோற்றவர் எழுந்து வரிசைக் கடைசிக்குப் போகவேண்டும். எழுந்திருக்கப் பிடிக்காத பையனுக்குக் கை வேகமாகத்தானே ஓடும்? லயோலாவில் பி.காம். படித்த அவர், 1987-ல் உலக ஜூனியர் சாம்பியன், 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர். 48 வயதில், ரியாத்தில் உலக ரேபிட் பட்டம் வேறு. ஆனாலும் பேராசிரியரை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். மூன்று நிமிடத்தில் புதிதாக எதை யோசிப்பது? நிதான ஆட்டத்தில் பழகியதுதான் கைக்கு வரும். பிளிட்ஸ் மட்டுமே ஆடுகிறவர் ஒரே தப்பை வேகமாகச் செய்யக் கற்றுக்கொள்கிறார்.

கே: நம் டெல்டாவுக்கும் சதுரங்கத்துக்கும் தொடர்புண்டா? (வாசகர், திருநள்ளாறு)

ப: திருவாரூர் மாவட்டம் திருப்பூவனூரில் சுவாமி பெயரே சதுரங்க வல்லபநாதர். இளவரசியைச் சதுரங்கத்தில் வென்று சிவன் மணந்தார் என்கிறது தலவரலாறு. கடிகாரம் வைத்ததாகச் சொல்லவில்லை.

கே: பெண்களுக்கு வேக ஆட்டம் சரிவராது என்கிறான் தம்பி. (மாணவி, திருமலைராயன்பட்டினம்)

ப: 2024 டிசம்பரில் நியூயார்க்கில் நடந்த உலக மகளிர் பிளிட்ஸில் வெண்கலம் வாங்கியவர் நம் வைஷாலி. அவருக்கும் ஒரு தம்பி உண்டு, பெயர் பிரக்ஞானந்தா. அவர் இப்படிப் பேசமாட்டார். உங்கள் தம்பியைப் பலகை முன் உட்காரவையுங்கள், மூன்று நிமிடம் போதும்.