வீட்டுவரிப் புராணம்

பலாப்பழத்தை வெட்டாமலே உள்ளே எத்தனை சுளை இருக்கிறது என்று சொல்லக் கணக்கதிகாரம் என்ற பழைய கணக்கு நூலில் வழி இருக்கிறது. காம்பைச் சுற்றியிருக்கும் முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் விடை. பண்ருட்டிக்காரர்களுக்கு அந்தச் சிரமம்கூட வேண்டாம், இரண்டு தட்டு தட்டினாலே பழத்தின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார்கள். ஆனால் தெருமுனையில் தோண்டிப் போட்டிருக்கும் பள்ளத்தைப் பார்த்து, இது எப்போது மூடும், எவ்வளவு விழுங்கும், அது யார் வீட்டு வரியிலிருந்து போகும் என்று கண்டுபிடிக்கும் சூத்திரத்தை இதுவரை எந்தப் புலவரும் எழுதவில்லை.

எழுதாததற்குக் காரணம் உண்டு. நம் பக்கத்துச் சரித்திரத்தில் ராஜா, கம்பெனி, கவர்மெண்டு என்று யார் வந்தாலும், வரி கேட்க வருகிற அன்றைக்குத்தான் ஊருக்குச் செய்யப்போகும் நன்மைகளை விவரிப்பார்கள். ஊரும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டே மடியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

பண்ருட்டியை ஒட்டியிருக்கிற திருவதிகையிலிருந்தே ஆரம்பிக்கலாம். பெரியபுராணம் சொல்கிறபடி பார்த்தால் இந்த வட்டாரத்தின் முதல் துப்புரவுப் பணியாளர் திலகவதியார். கோயில் வாசலைப் பெருக்கி, மெழுகி, குப்பை அள்ளியவர். சம்பளம் கிடையாது, பணி நிரந்தரம் கேட்டு ஊர்வலமும் கிடையாது. தம்பி திருநாவுக்கரசர் இன்னும் ஒரு படி மேலே போய், உழவாரத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு தமிழ்நாடு முழுக்க நடந்து, கோயில் கோயிலாகப் புல் செதுக்கினார். டெண்டர் விடாமல் நடந்த வேலை என்பதால்தான் ஒழுங்காக நடந்தது என்று சொல்பவர்கள் உண்டு. நான் சொல்லவில்லை.

கட்டட விஷயத்துக்கும் அதே புராணத்தில் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. பல்லவ மன்னன் சைவத்துக்கு மாறியதும், பாடலிபுரத்திலிருந்த சமணர்களின் பள்ளிகளை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டுவந்து திருவதிகையில் குணபரவீச்சரம் என்ற சிவன் கோயிலைக் கட்டினானாம். பாடலிபுரம் என்றால் இன்றைய கடலூர்த் திருப்பாதிரிப்புலியூர். பழைய சாமானை வைத்தே புதுக் கட்டடம், ஜல்லிச் செலவு மிச்சம். உள்ளே இருந்த முனிவர்களுக்கு முன்கூட்டி நோட்டீஸ் கொடுத்ததாகச் சேக்கிழார் எங்கும் எழுதவில்லை. பிளான் அப்ரூவல் யார் கொடுத்தார் என்று கேட்டால், கட்டியவரேதான்.

அடுத்து 1429. பண்ருட்டியிலிருந்து நெய்வேலியைத் தாண்டிப் போனால் விருத்தாசலம். விஜயநகரத்துத் தேவராயன் காலத்தில், இந்த ஊர் தொடங்கிக் கும்பகோணத்துப் பக்கத்துத் திருவைகாவூர் வரை பல கோயில்களில், ஏறக்குறைய ஒரே விஷயத்தைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். விஷயம் வரி. ராஜாவின் அதிகாரிகளும் நிலத்துக்கு உரிமை கொண்டாடியவர்களும் சேர்ந்து கறந்த கறவையில், பாடுபடுகிறவனுக்கு மடி காலி. அப்போது வலங்கை 98, இடங்கை 98 என்று இரண்டு பெரும் பிரிவுகள். ஒருவரை ஒருவர் பார்த்தால் முறைத்துக்கொள்கிறவர்கள், பின்னாளில் சென்னையில் கம்பெனிக்காரனே தலையைப் பிய்த்துக்கொள்ளும் அளவுக்கு அடித்துக்கொண்டவர்கள். இந்த இரண்டு கூட்டத்தையும் கோயில் மண்டபத்தில் ஒன்றாக உட்கார வைத்த பெருமை எந்த மகானையும் சேராது, வரி வசூலித்தவர்களைத்தான் சேரும்.

கூடியவர்கள் போட்ட தீர்மானம் அழகானது. வரி வாங்க வருகிற அதிகாரிக்கு யாரும் தங்க இடம் கொடுக்கக்கூடாது. இந்த நாட்டில் பிறந்த எவனும் அவர்களுக்குக் கணக்கு எழுதக்கூடாது. மீறினால் குத்துதான். நிஜக் கத்திக் குத்து, கல்வெட்டில் அப்படியே இருக்கிறது. நடுவில் இருக்கும் நிபந்தனையைக் கவனியுங்கள். அதிகாரி குதிரையில் வரலாம், வாளோடு வரலாம். ஆனால் யாருக்கு எத்தனை குழி, என்ன பயிர், எவ்வளவு பாக்கி என்று ஓலையில் எழுத உள்ளூர்க் கணக்கன் ஒருவன் உட்கார்ந்தாக வேண்டும். அவன் எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டால் சாம்ராஜ்யம் டிமாண்டு நோட்டீஸ் இல்லாமல் வெறுங்கையோடு நிற்கும். அதோடு விடவில்லை. எதற்கு எவ்வளவு தருவோம் என்ற விகிதத்தையும் ஊர்க்காரர்களே முடிவு செய்து வெட்டிவைத்தார்கள். இந்தக் காலத்தில் தீர்மானம் நிறைவேற்றுகிறவர்கள் கல்லில் வெட்டுவதில்லை, மினிட் புத்தகத்தில் எழுதுகிறார்கள். மினிட் புத்தகத்துக்குக் கரையான் உண்டு.

இருநூற்றைம்பது வருஷம் கழித்து அதே ஊர்க்குணம் வெள்ளைக்காரனுக்கு வந்து வாய்த்தது. 1686-இல் சென்னைக் கறுப்பர் பட்டணத்தைச் சுற்றி மதில் கட்ட வேண்டும் என்று கிழக்கிந்தியக் கம்பெனி கவர்னர் கிஃபோர்டு வீட்டுவரி போட்டார். ஊர் ஜாதி வாரியாகக் கூடியது. கோட்டைக்கு அரிசி, சாமான் எதுவும் வராமல் நிறுத்தச் சொல்லி ஆள் போனது. கவர்னர் பறை அறைவித்தார்: பொழுது சாய்வதற்குள் தலைவர்கள் பணியாவிட்டால் வீடுகளை இடித்து மனைகளை விற்று, குடும்பத்தோடு ஊரைவிட்டே துரத்துவோம். வரி பாக்கிக்கு வீட்டு வாசலில் தண்டோரா போடும் கலை நமக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு இது ஒரு துப்பு.

லண்டனில் கம்பெனித் தலைவர் ஜோசையா சைல்டு இதைப் படித்து யோசித்தார். மனுஷன் வியாபாரி. அவர் கண்டுபிடித்தது இதுதான்: நாம் அதட்டி ஆறு பென்னி கேட்டால் ஜனங்கள் தரமாட்டார்கள், அவர்களே தங்களுக்கு வரி போட்டுக்கொண்டால் ஐந்து ஷில்லிங்கைச் சந்தோஷமாகத் தருவார்கள். ஐந்து ஷில்லிங் என்றால் அறுபது பென்னி, பத்து மடங்கு! இந்தியாவில் உள்ளாட்சி என்ற தத்துவம் இப்படித்தான் அவதரித்தது. காந்தி, ரிப்பன் என்று நாம் பெருமையாகப் பேசுவதெல்லாம் பிற்சேர்க்கை.

1687 டிசம்பர் 30-இல் சாசனம், 1688 செப்டம்பர் 29-இல் சென்னை மாநகராட்சி. ஒரு மேயர், பன்னிரண்டு ஆல்டர்மேன், அவர்களுக்குக் கீழே பர்ஜஸ் என்று ஒரு பட்டாளம். மேயர் நத்தானியல் ஹிக்கின்சன், கவர்னர் எலிஹு யேல், ஆல்டர்மேன்களில் ஆலங்காத்தா பிள்ளை. ஆல்டர்மேன்களுக்குச் சிவப்புக் கம்பளி அங்கி, பர்ஜஸ்களுக்கு வெள்ளைப் பட்டு. சென்னை வெயிலில் கம்பளி! அதைப் போர்த்திக்கொண்டு குடை பிடித்துப் போகும் உரிமையும் சேர்த்தே கொடுத்திருந்தார்கள் என்பது ஒரு ஆறுதல். விருந்து உண்டு, வெள்ளிச் செங்கோல் உண்டு, ஊர்வலம் உண்டு.

ஊருக்கு என்ன? டவுன் ஹால், ஜெயில், பிள்ளைகள் இங்கிலீஷும் கணக்கும் படிக்கப் பள்ளிக்கூடம், சாக்கடை. இவ்வளவும் உங்கள் பணத்தில், உங்கள் சபையால், உங்களுக்காக என்றார்கள். ஊர் அங்கியை ரசித்தது, ஊர்வலத்தை வேடிக்கை பார்த்தது, வரி என்றதும் வீட்டுக்குப் போய்விட்டது. சைல்டு போட்ட ஐந்து ஷில்லிங் கணக்கு கடிதத்தோடு நின்றது. கம்பளி அங்கி வந்துவிட்டது, சாக்கடை வரவில்லை.

இந்தத் தொந்தரவே வேண்டாம் என்று முடிவு கட்டிய ஊர் பண்ருட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1956-இல் நெய்வேலி நிலக்கரிக் கழகம் வந்தது. எண் போட்ட பிளாக்குகள், நூல் பிடித்த சாலைகள், இரண்டு பக்கமும் மரம், குழாயில் தண்ணீர். டவுன்ஷிப்புக்குக் கவுன்சிலரும் இல்லை, மன்றக் கூட்டமும் இல்லை, வெளிநடப்பும் இல்லை. குழாய் ஒழுகினால் நிர்வாகத்தில் எழுதிப் போட வேண்டியதுதான். பண்ருட்டியிலிருந்து போகிறவர்கள் அந்தச் சாலையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது வழக்கம். ஆனால் அந்த நிழலுக்கும் நிலக்கரிக்கும் இடம் விட்டு எழுந்துபோன கிராமங்களை யாரும் மண்டபத்தில் உட்கார வைத்துத் திட்டம் சொல்லிச் சம்மதம் வாங்கவில்லை. உள்ளாட்சி ஓட்டு இல்லாத ஊரில் சாலை நேராகப் போவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை, குறுக்கே நின்று கேட்க ஆள் இல்லை.

நம் காலத்துக்கு வருவோம். 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் சொத்துவரி ஏறியது. நகராட்சிகளில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 சதவீதம், 1200 வரை 50, 1800 வரை 75, அதற்கு மேல் 100. அதே வருஷம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. கவுன்சிலர் தலைமையில் தெருக்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து குழாய், விளக்கு, சாக்கடை பேசலாம். தேதி வரிசையைக் கவனித்தீர்களா? வரி ஏப்ரலில், விளக்கம் நவம்பரில். சைல்டாவது விளக்கத்தை முதலில் வைத்தார்.

எந்த ஊர் வாசலிலும் கேட்கிற பேச்சு இது:

"அம்மா, இந்த அரையாண்டு வீட்டுவரி இன்னும் கட்டலையே."

"கட்டறேன் தம்பி. மொதல்ல அந்தக் கால்வாய்க்கு மூடி போடச் சொல்லு."

"அது வேற செக்ஷன்மா."

செக்ஷன் வேறு, ரசீது புத்தகம் மட்டும் ஒன்று. 1429-இல் அந்த அம்மாள் இருந்திருந்தால் தம்பியிடமிருந்து பேனாவைப் பிடுங்கியிருப்பார். இன்று கம்ப்யூட்டர் தானாகவே பில் அடிக்கிறது, எழுத்தாணியைக் கீழே வைக்கச் சொல்ல அங்கே ஆள் கிடையாது.

ஆகவே நடக்கிற காரியத்தைப் பாருங்கள். உங்கள் வார்டில் பகுதி சபை கூடுகிறது என்று தெரிந்தால் டீக்கடையில் திட்டுவதை ஒத்திவைத்துவிட்டு அங்கே போய்க் கேளுங்கள், கேட்டதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். வரியை அரையாண்டின் முதல் முப்பது நாளுக்குள், அதாவது ஏப்ரல் 30, அக்டோபர் 30 தேதிகளுக்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி, உச்சவரம்பு 5,000 ரூபாய். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.