தரகர் ஆவது எப்படி?

வீட்டுமனைத் தரகராக என்ன படிக்க வேண்டும் என்று விசாரிக்கும் தம்பிகளுக்கு நற்செய்தி. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் பட்டம் எதையும் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவுக்கு விண்ணப்பம் போட்டு, பான் கார்டு, போட்டோ, முகவரிச் சான்று எல்லாம் கொடுத்துக் கட்டணம் கட்டினால் பதிவு எண் வந்துவிடும். 5 வருடத்துக்குக் கவலையில்லை.

எண் இல்லாமல் ரெராவில் பதிவான மனைப்பிரிவில் பிளாட் விற்றால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். சொத்து மதிப்பில் 5 சதவீதம் வரை அது ஏறும்.

சிக்கல் அந்தச் சட்டத்தின் 10-ஆம் பிரிவில் இருக்கிறது. கணக்கு எழுத வேண்டுமாம். பொய்யான தகவல் சொல்லக் கூடாதாம். கணக்கை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். பொய் கூடாதென்றால் வாயைத் திறப்பது எப்படி? “மெயின் ரோட்டுலேர்ந்து ரெண்டே நிமிஷம் சார்” என்பதில் நடந்தா, பறந்தா என்று சொல்ல வேண்டியிருக்கும். “இருபது அடியில தண்ணி” என்பது மட்டும் சத்தியம்; ஐப்பசியில் தோண்டவே வேண்டாம்.

மனம் தளர வேண்டாம். பழைய வீட்டைக் கைமாற்றிவிட இந்தப் பதிவு தேவையில்லை. டீக்கடை பெஞ்ச், வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு செல்போன் போதும். விற்பவரிடமும் கமிஷன், வாங்குபவரிடமும் கமிஷன்.

அப்படிப்பட்ட தரகரிடம் வில்லங்கச் சான்று கேட்டுப் பாருங்கள். “என்ன சார், என் மேல நம்பிக்கை இல்லையா?” என்பார். அதற்குப் பதில் சொல்லத்தான் சார்பதிவாளர் அலுவலகம் என்று ஒன்று இருக்கிறது.