பூனைக்கு எந்த மீன்?

எங்கட பூனைக்கு வெளிநாட்டு டின் மீன் வாங்கலாமோ? கடலுக்கும் கேடு வரக்கூடாது. – வாசகி, வேலணை

சுற்றிவரக் கடல் இருக்க, டின்னுக்குள் ஏன் மீன் தேடுகிறீர்கள்? பூனை உணவுக்காக மட்டும் உலகம் ஆண்டுக்குச் சுமார் 25 இலட்சம் தொன் சிறுமீனைச் செலவிடுகிறது என்று 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். தாய்லாந்துப் படகுகளில் அடிமைகளாக அடைபட்டவர்கள் பிடித்த மீனும் செல்லப்பிராணி உணவுக்குப் போனதை 2015இல் நியூயோர்க் டைம்ஸ் வெளிக்கொண்டு வந்தது. உங்கள் கரையில் சிறுவலைக்காரர் கொண்டுவரும் சூடையும், நீங்கள் கழிக்கிற மீன்தலையும் போதாதா? இழுவைமடி மீன் மட்டும் வேண்டாம்; அது 2017 முதல் இலங்கையில் சட்டவிரோதம். சூடையை அவித்து, முள் எடுத்துக் கொடுங்கள். பச்சையாகவே தின்றுவந்தால் அதிலுள்ள நொதி பூனையின் பி1 உயிர்ச்சத்தை அழித்துவிடும்.

பூனையையும் மரக்கறிக்கு மாற்றினால் புண்ணியம்தானே?

விரதம் உங்களுக்கு, வயிறு அதற்கு. பூனைக்கு வேண்டியது புண்ணியமல்ல, டோரின். இறைச்சியிலும் மீனிலும் உள்ள அது குறைந்தால் கண் கெடும், இதயம் தளரும்.

நாய்க்கு?

சோற்றைச் செரிக்க ஓநாயைவிட நன்றாகப் பழகிய மரபணு அதற்கு உண்டு. தாராளமாகப் போடுங்கள். வெங்காயம் போட்ட குழம்பை மட்டும் விடாதீர்கள்.