மாடு போஸ் கொடுக்காது

போன சனிக்கிழமை வேலூரில் ஒரு கல்லூரி விழாவுக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து, எதிரே யாராவது கைப்பேசியை எடுத்தால் போதும், என் கழுத்து தானாக இடது பக்கம் சாய்கிறது. நேற்று டீக்கடையில் ஒருவர் மணி பார்க்கத்தான் எடுத்தார். நான் சாய்ந்த வேகத்தில் பக்கத்து ஆள் வேட்டியில் டீ. அவர் ஒன்றும் சொல்லவில்லை. கறையை இரண்டு கோணத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தங்கச்சி மகள் அந்தக் கல்லூரியில் ஃபேஷன் டிசைனிங் கடைசி வருடம். வருடம் முழுக்க வரைந்து, வெட்டி, தைத்த உடையை ஒரு நாள் மேடையில் நடந்து காட்ட வேண்டுமாம். "மாமா, உங்ககிட்டதான் பெரிய கேமரா கீதே" என்றாள். ஒடுகத்தூரில் கேமரா வைத்திருப்பவனுக்கு வளைகாப்பிலிருந்து காரியம் வரைக்கும் எல்லா வீட்டிலும் வேலை உண்டு, கூலிதான் கிடையாது. ஆனால் ராம்ப் வாக் எனக்கு இதுவே முதல் தடவை. என் கை பழகியதெல்லாம் எங்கள் ஊர் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையில். ஆடு நின்று நிதானமாக லென்ஸைப் பார்க்கும். விலை படியாத ஆடு இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கும்.

ராம்ப் வாக்கைப் படமெடுப்பதில் ஒரே ஒரு சூட்சுமம்தான் இருக்கிறது. என்னைப் போல் முதல்முறை போகிற நாலு பேருக்கு உதவட்டும் என்று அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால் சோபாவைப் பற்றி ஒரு வார்த்தை.

பாரிஸ், மிலான் மாதிரி ஊர்களில் ராம்ப் முடிகிற இடத்துக்கு நேர் எதிரே படக்காரர்களுக்கென்று படிப்படியாக இடம் ஒதுக்கியிருப்பார்கள். முன்வரிசைக்காரர் தரையில் சம்மணம் போட்டு உட்காருவார். அடுத்தவருக்கு முக்காலி. கடைசி வரிசை பெட்டி மேலும் ஏணி மேலும் நிற்கும். அவரவர் இடத்தில் டேப் ஒட்டிப் பெயர்கூட எழுதி வைப்பார்கள். 2000-ல் டெல்லியில் முதல் இந்தியா ஃபேஷன் வீக் நடந்தது; நம் நாட்டுப் பெரிய ஷோக்களும் இந்த வழக்கத்துக்கு வந்துவிட்டன. உடை போட்டவர் நேராக லென்ஸைப் பார்த்து நடந்து வருவார், நிற்பார், திரும்புவார். முன்கால் தரையில் பதிகிற நொடியில் அமுக்க வேண்டும். காலை வெட்டக்கூடாது. தலை போனாலும் மன்னிப்பார்கள், செருப்பு போனால் மன்னிக்க மாட்டார்கள். இவ்வளவும் யூடியூபில் படித்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

கல்லூரியில் படக்காரர்கள் இருக்க வேண்டிய அந்த இடத்தில் சோபா போட்டிருந்தார்கள். வரிசையாகச் சோபா, ஒவ்வொன்றின் மேலும் வெள்ளை டர்க்கி டவல், முன்னால் டீப்பாய், டீப்பாய் மேல் தண்ணீர் பாட்டில், தட்டில் முந்திரி, நடுவில் பிளாஸ்டிக் பூச்சாடி. பூச்சாடி சரியாக நடந்து வருகிற பிள்ளைகளின் காலை மறைக்கிற உயரம். முந்திரியை யாரும் தொடவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். சிறப்பு விருந்தினர்கள் வந்து உட்கார்ந்ததும் அவர்களுக்குப் பின்னால் அவர்களோடு வந்தவர்கள் நின்றார்கள். முதல் பிள்ளை ராம்ப்பில் பாதி தூரம் வந்தபோது, தாமதமாக வந்த ஒருவருக்குப் பொன்னாடை போர்த்த நாலு பேர் குறுக்கே போனார்கள். அந்தப் பிள்ளை உடுத்தியிருந்தது என்ன நிறம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பொன்னாடை பச்சை.

நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் பில் கன்னிங்ஹாம் என்று ஒருவர் இருந்தார். 2016-ல், 87 வயதில் காலமானார். நீலச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு சைக்கிளில் நியூயார்க் தெருக்களைச் சுற்றி, போகிற வருகிறவர்களின் உடையைப் படமெடுத்தே பெயர் வாங்கியவர். காசு வாங்காவிட்டால் எவனும் நம்மை அதிகாரம் பண்ண முடியாது என்பது அவர் கொள்கை. வந்த காசோலையைக் கிழித்துப் போட்ட மனிதர். நானும் காசு வாங்கவில்லை. மைக் செட்காரர் நகரச் சொன்னார். வாலண்டியர் பையன் குந்தச் சொன்னான். ஜிம்மி ஜிப் என்கிற கேமரா கிரேனை ஓட்டியவர் எழுந்திருக்கச் சொன்னார். கடைசியில் கல்லூரி வாட்ச்மேன் என்னைக் கொண்டுபோய் இடது பக்கத் தூணோரம், ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் சேர்த்தார். எங்கள் ஜவ்வாது மலை மேலே காவலூரில் வைணு பாப்பு பெயரில் 2.3 மீட்டர் கண்ணாடி வைத்த தொலைநோக்கி இருக்கிறது. அதைக் கழற்றிக்கொண்டு வந்திருந்தாலும் அந்தத் தூணிலிருந்து ராம்ப் தெரிந்திருக்காது.

சரி, விளக்கை அணைத்தார்கள், பாட்டுப் போட்டார்கள், புகை விட்டார்கள். உடனே மண்டபம் முழுக்கக் கைகள் எழுந்தன. உங்களுக்குத் தெரியாதா என்ன, நீங்களும் தூக்குகிறவர்தான். எனக்கு முன்னால் நின்ற அம்மா துபாயில் இருக்கிற யாருக்கோ வீடியோ கால் போட்டு, "தெரியுதா? இப்பத் தெரியுதா? இன்னும் தூக்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அங்கே தெரிந்துவிட்டது போலிருக்கிறது. நாலடி பின்னால் நின்ற எனக்குத்தான் தெரியவில்லை.

அப்போதுதான் எனக்கு மாடு ஞாபகம் வந்தது.

எங்கள் பக்கத்தில் இதைவிடப் பழைய ராம்ப் ஒன்று உண்டு. தை பிறந்தால் வேலூர் மாவட்டத்தில் ஊருக்கு ஊர் காளை விடும் விழா. மதுரைப் பக்கம் மாதிரி திமிலைக் கட்டிப்பிடித்துத் தொங்குகிற வேலை இங்கே இல்லை. மாடு ஓட வேண்டும், அவ்வளவுதான். தெருதான் ஓடுபாதை, இரண்டு பக்கமும் கட்டைத் தடுப்பு. குறைந்த நேரத்தில் எல்லையைத் தாண்டுகிற மாட்டுக்கு முதல் பரிசு. வினாடியின் சில்லறைக்காக இரண்டு ஊர் வருடக்கணக்கில் பேசாமல் இருக்கும். 2014-ல் உச்ச நீதிமன்றம் இதற்கெல்லாம் தடை போட்டது. 2017-ல் மெரினா போராட்டத்தை ஒட்டி, மறுபடி நடத்த அனுமதித்துச் சட்டம் வந்தது. 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து அந்தச் சட்டம் செல்லும் என்றார்கள். எந்த ஃபேஷன் ஷோவாவது அரசியல் சாசன அமர்வு வரை போயிருக்கிறதா?

அலங்காரத்திலும் மாடு குறைவில்லை. கொம்புக்கு வண்ணம், கழுத்துக்குச் சலங்கை, நெற்றிக்குக் குங்குமம். அவிழ்ப்பதற்கு முன்னால் கால்நடை மருத்துவர் வந்து உடம்பைப் பார்ப்பார். மாட்டுக்கு டாக்டர் இருக்கிறார். மேடைக்குப் பின்னால் காலையிலிருந்து ஒரு பாக்கெட் பிஸ்கட்டோடு, ஊசி குத்திய உடையில் உட்காரவும் முடியாமல் நின்ற பிள்ளைகளுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுக்கக்கூட ஆள் இல்லை. முந்திரி சோபாவில் இருந்தது.

மாடு போஸ் கொடுக்காது. போஸ் கொடுக்கவில்லையே என்று அப்புறம் வருத்தப்படவும் செய்யாது. எடுத்த படத்தை உடனே காட்டு என்று தோளுக்கு மேல் எட்டிப் பார்க்காது. முகத்தைக் கொஞ்சம் வெள்ளையாக்கிக் கொடு என்று கேட்காது. மயிலை மயிலையாகவும் செவலை செவலையாகவும் இருப்பதில் அதற்கு ஒரு குறையும் இல்லை. மாட்டுக்காரர் பெயரையும் ஊரையும் மைக்கில் சொல்லி முடிப்பதற்குள் மாடு போயே போய்விடும். அதனால் வாழ்த்துரைக்கு நேரம் கிடையாது. அது வருகிற வழியில் சோபா போட்டுப் பாருங்கள். பொன்னாடை போர்த்த எவனாவது தெருவில் இறங்கட்டும், பார்க்கிறேன். கைப்பேசி அங்கேயும் உண்டுதான், இல்லை என்று சொல்லவில்லை. தடுப்புக்கு வெளியே கை நீளும். மாடு லேசாகத் தலையைத் திருப்பும். அத்தனை கையும் உள்ளே போய்விடும். யாரும் அறிவிப்பு செய்ய வேண்டாம், வாலண்டியர் வேண்டாம், வாட்ச்மேன் வேண்டாம். ராம்ப்பில் நடக்கிற பிள்ளைகளுக்குக் கொம்பு இல்லை, குறை அது ஒன்றுதான்.

மாட்டைப் பற்றி ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது என்று வீட்டில் சொல்வார்கள். நிறுத்த மனமில்லை என்பதுதான் சரி. தெருவில் ஒரு இடத்தைக் குறித்துக்கொண்டு, அங்கே ஃபோகஸைப் பூட்டிவிட்டு, சலங்கைச் சத்தத்தைக் கேட்டபடி காத்திருந்தால்... இது சூட்சுமத்தின் வாசல்வரை வந்துவிட்டது, ஆனால் எல்.இ.டி. திரையைச் சொல்லாமல் இதைச் சொல்லி முடிக்க முடியாது.

மேடைக்குப் பின்னால் சுவர் அகலத்துக்கு எல்.இ.டி. திரை. அதில் கல்லூரியின் பெயர் சுற்றிக்கொண்டே இருந்தது, யாரும் மறந்துவிடக்கூடாதே என்று. ஷட்டரை 1/500-ல் வைத்தால் திரையில் கம்பளிப்பூச்சி நிறத்தில் கோடு கோடாக விழுகிறது. அந்தத் திரை நம் கண்ணுக்குத் தெரியாமல் அணைந்து அணைந்து எரிகிற சாமான், வேகமான ஷட்டர் அதைப் பிடித்துவிடும். ஷட்டரைக் குறைத்தால் கோடு போகிறது, கூடவே நடப்பவர்களின் காலும் கலங்கிப் போகிறது. மேலேயிருந்த விளக்குகள் ஊதா, நீலம், மறுபடி ஊதா. தையலில் ஒரு வருடம் போட்ட பிள்ளைகளின் உடை எல்லாம் கத்தரிக்காய் நிறத்தில் வந்திருக்கிறது. விழுப்புரத்தில் மிஸ் கூவாகம் திருநங்கையர் அழகிப் போட்டி மேடையை வருடா வருடம் படமெடுக்கும் பத்திரிகைக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "லென்ஸ் எல்லாம் அப்புறம், மொதல்ல எடம் புடிக்கணும்" என்றார். அவர் மத்தியானமே போய்விடுவாராம். நான் போகும்போது சோபாக்காரர்களே வந்திருக்கவில்லை, சோபா வந்திருந்தது.

மருமகள் முறை வந்தபோது தூணை விட்டுவிட்டு இரண்டு சோபாவுக்கு நடுவில் போய்க் குந்தினேன். மாந்தளிர்க் கரை வைத்த நீளப் பாவாடையும் கைத்தறித் துணியில் ஏதோ ஒரு மேலங்கியும். நன்றாகத்தான் இருந்தது, கண்ணால் பார்க்கும்போது. அமுக்கினேன். பக்கத்துச் சோபாவிலிருந்து அதே நொடியில் ஒரு கை நீண்டது. என் கேமரா அந்தக் கைப்பேசித் திரையைப் பிடித்துக்கொண்டு விட மறுத்துவிட்டது. படத்தில் பின்னால் ஒரு ஊதா மங்கல், அது என் மருமகள். முன்னால் திரைக்குள்ளே அவளே பளிச்சென்று, தலைமுதல் செருப்புவரை, முன்கால் தரையில் பதிகிற சரியான நொடியில். அன்று நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். எடுத்தவர் வேறு ஆள்.

"பரவால்ல மாமா" என்றாள் மருமகள். அந்த வார்த்தையைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. திட்டியிருக்கலாம்.

அந்தச் சோபாக்காரர் கைப்பேசியிலேயே எடுத்த இன்னொரு படத்தைத்தான் கல்லூரி வாசலில் ஃப்ளெக்ஸாக வைக்கப் போகிறார்களாம். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் குரல் பதிவு அனுப்பியிருக்கிறார். மருமகள் ஒரு வார்த்தையும் சேர்க்காமல் அதை எனக்குத் தள்ளிவிட்டிருக்கிறாள். "படம் சூப்பரா கீது. வலது ஓரத்துல கட்டம் போட்ட சட்டை ஒருத்தன் பெரிய கேமராவ நீட்டிக்கினு குறுக்க குந்திகினு கீறான், அவன மட்டும் யாராவது அழிச்சுக் குடுங்க. சோபாவ அழிச்சுடாதீங்க, அதுல செயலாளர் கீறாரு."

காலையிலிருந்து அழித்துக்கொண்டிருக்கிறேன். முகம் சுலபமாகப் போய்விட்டது, சட்டைக் கட்டம்தான் மக்கர் பண்ணுகிறது.