ஒண்ணுக்கு எங்க போணும், சாரே?

வெளியூர்ப் பள்ளி ஒன்றிலிருந்து ஐம்பது பிள்ளைகள் கன்னியாகுமரி மாவட்டத்தில் நம் திருவட்டாறு பக்கம் சுற்றிப் பார்க்க வருகிறார்கள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பயணத் திட்டம் போடும் பொறுப்பைப் பெரியவர்கள் கைதவறி நம்மூர் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியெல்லாம் நம் பெரியவர்களுக்குக் கை தவறாது. அதனால்தான் கற்பனை என்கிறேன்.

பிள்ளைகள் ஒரு முழுத்தாளில் கட்டம் போடுவார்கள். இடம், தூரம், நேரம், கட்டணம், சாப்பாடு. ஐந்து கட்டம் முடிந்ததும், கூட்டத்தில் இருக்கும் ஒரு பெண்பிள்ளை பேனாவை வாங்கி ஆறாவதாக ஒரு கோடு இழுப்பாள். தலைப்பு: 'ஒண்ணுக்கு எங்க போணும்?'

பெரியவர்களின் வரவேற்புக் குழுவுக்கு அங்கேயே குமட்டிவிடும். "விருந்தாளி வரும்போது எழுதுகிற காரியமா மக்கா இது?" என்பார் ஒருவர். இவர் காலையில் வீட்டில் போய்விட்டு வந்தவர். மத்தியானம் அலுவலகத்திலும் போவார். அந்த அறைக்குத் தனிப் பூட்டும், சாவியை வைத்துக்கொள்ள ஓர் ஆளும் உண்டு.

சரி, திட்டத்தைப் பார்ப்போம். முதல் இடம் ஆதிகேசவப் பெருமாள் கோயில். 108 திவ்ய தேசங்களில் ஒன்று, நம்மாழ்வார் பாடியது. 22 அடி நீளத்தில் பள்ளிகொண்ட பெருமாளை முகம், உடல், பாதம் என்று மூன்று வாசல் வழியாகப் பார்க்க வேண்டும். குழு இதற்கு உடனே ஒப்புதல் கொடுக்கும். ஆனால் பிள்ளைகள் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதியிருப்பார்கள்: 'பெருமாள் மேல் இருந்த தங்கக் கவசத்தைக் கோயில் ஊழியர்களும் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றிய கதையையும் சொல்ல வேண்டும். 1992இல் வெளிவந்தது. தீர்ப்பு 2019இல்.' சிவப்பு மையில் அடி. விருந்தாளிப் பிள்ளைகள் பக்தியோடு திரும்ப வேண்டுமாம். திருடினவர்களுக்கு இல்லாத கூச்சம், திருட்டைச் சொல்வதற்கு மட்டும் வந்துவிடுகிறது.

அந்தக் கோயிலுக்கு 2022 ஜூலை 6 அன்று குடமுழுக்கு நடந்தது, 418 ஆண்டுகளுக்குப் பிறகு. இந்தக் கணக்கைக் குழுவில் யாராவது பெருமையோடு எடுத்து வைப்பார். பெருமாளே 418 வருஷம் பொறுத்தார், ஒரு கழிப்பறைக்கு இந்தப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லையே என்று வேதனையும் படுவார்.

அடுத்தது மாத்தூர் தொட்டிப்பாலம். கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் வறட்சியைத் தீர்க்க, காமராஜர் ஆட்சியில் திட்டமிட்டு 1966இல் முடித்த பாலம். பரளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், 28 தூண்களின் தலையில், ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குத் தண்ணீர் நடந்து போகும். படம் பிடிக்கக் கட்டியதல்ல, வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகக் கட்டியது. பிள்ளைகள் இதற்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருப்பார்கள். ஆறு தாண்டித் தண்ணீரைக் கொண்டுபோகும் கணக்கு என்ன, சரிவு எவ்வளவு, தூண் அடியில் ஏன் அகலம், கீழே இறங்கி நின்று அண்ணாந்து பார்த்தால் என்ன தெரியும் என்று ஒரு பக்கம் முழுக்கக் கேள்விகள் எழுதியிருப்பார்கள். குழு இரண்டு மணியை இருபது நிமிஷமாக்கும். குழுப்படம் எடுக்க இருபது நிமிஷம் தாராளம். ஆறாவது கட்டத்தில் பிள்ளைகள் ஒரு கேள்வி எழுதியிருந்தார்கள்: 'இவ்வளவு தண்ணீரை மலைவிட்டு மலை கொண்டுபோகத் தெரிந்த அரசாங்கத்துக்கு, பாலத்தடியில் ஒரு குழாய் வரை கொண்டுவரத் தெரியாதா?' வாய்த்துடுக்கு என்று அதையும் அடித்தார்கள்.

பத்மநாபபுரம் அரண்மனை நம் மண்ணில் இருக்கிறது, கேரள அரசு பராமரிக்கிறது, திங்கட்கிழமை பூட்டிக்கிடக்கும். குழு பயணத்துக்குக் குறித்த நாள் திங்கட்கிழமை. கொடியசைக்க வரும் அமைச்சருக்கு அன்றுதான் ஒழிவு.

சிதறால் மலையில் சமணத் தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்கள். ஆய் மன்னன் விக்கிரமாதித்திய வரகுணன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, குணந்தாங்கிக் குரத்தியார் என்ற பெண் துறவி இங்கே பொன் கொடுத்ததைச் சொல்கிறது. அந்தக் காலத்திலேயே ஒரு பெண் ஆசான் மலையேறித் தன் பெயரைக் கல்லில் வெட்டவைத்தார். இப்போது மலையேறும் பெண்பிள்ளைக்கு அவள் ஆசிரியை காதோடு சொல்லும் உபதேசம்: "ரொம்பத் தண்ணி குடிக்காத பிள்ளே."

இந்த உபதேசம் எனக்கு நன்றாகப் பழக்கம். தமிழ்நாட்டில் பள்ளிச் சுற்றுலா போன எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். ராத்திரி வண்டி ஏறியது முதல் தொண்டையை நனைக்க மட்டும் ஒரு மிடறு. ஆண்பிள்ளைகளுக்கு வழியெல்லாம் புளியமரம். பெண்பிள்ளைகளுக்குப் பெட்ரோல் பங்கின் பின்பக்கம், தாழ்ப்பாள் இல்லாத கதவு, அதைப் பிடித்துக்கொள்ள ஒரு தோழி. மாதவிடாய் நாளென்றால் பிள்ளை பயணத்துக்கே வருவதில்லை. 'காய்ச்சல்' என்று விடுப்புக் கடிதம் எழுதுவாள். வந்தவளோ, அடிவயிற்று வலியோடு பார்த்த அருவியின் அழகைப் பற்றிப் பிறகு ஒரு பக்கக் கட்டுரையும் எழுத வேண்டும். பத்து மதிப்பெண்.

தோள்சீலைப் போராட்டத்துக்கும் பிள்ளைகள் அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். மேலாடை போடும் உரிமைக்காக இந்தக் கல்குளத்திலும் விளவங்கோட்டிலும் பெண்கள் அடிபட்டு, 1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் அரசிடம் பிரகடனம் வாங்கிய வரலாறு. குழு பதறியது: "சாதிப் பேச்சு வேண்டாம், வர்றது குழந்தைங்க." இந்த வரலாற்றை 2019இல் என்.சி.இ.ஆர்.டி. ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்திலிருந்தே எடுத்துவிட்டது. நாம் பயணத் திட்டத்திலிருந்து எடுத்தால் என்ன குறைந்துவிடும்?

பிள்ளைகள் சேர்த்த இன்னொரு இடம்: 'முன்பு மலை.' வேறு பெயர் அவர்களுக்குத் தோன்றவில்லை. பாறையை வெட்டி, உடைத்து, பதினாறு சக்கர டாரஸ் லாரிகளில் எல்லை தாண்டிக் கேரளத்துக்கு அனுப்பிய பிறகு மிஞ்சிய பள்ளம். அங்கே நின்று, மேற்குத் தொடர்ச்சி மலை எப்படி டன் கணக்கில் விற்பனையாகிறது என்று விளக்கலாம் என்றார்கள். குழுவில் ஒருவருக்கு இருமல் வந்தது. அவர் மைத்துனருக்கு லாரி இருக்கிறது. அந்த இடம் அடிபட்டது. அதற்குப் பதில் கன்னியாகுமரிக் கண்ணாடிப் பாலம் ஏறியது. 2024 டிசம்பர் 30 அன்று திறந்தது, 77 மீட்டர், 37 கோடி ரூபாய். காலடியில் கடலைப் பார்க்கலாம். பார்த்துவிட்டு இறங்கினால் கட்டணக் கழிப்பறை, சில்லறை, நீண்ட வரிசை.

திட்டத்தின் கடைசியில் பிள்ளைகள் ஒரு பின்னிணைப்பு வைத்திருந்தார்கள்: பள்ளிப் பயணங்களில் இறந்தவர்களின் பட்டியல். அதைக் குழுவில் யாரும் வாசிக்கவில்லை. தட்டேக்காடு, 2007 பிப்ரவரி 20: படகு கவிழ்ந்து எளவூர்ப் பள்ளி மாணவர்கள் 15 பேர், ஆசிரியர்கள் 3 பேர். வடக்கஞ்சேரி, 2022 அக்டோபர்: ஊட்டிக்குக் கிளம்பிய பள்ளிச் சுற்றுலாப் பேருந்து ராத்திரியில் அரசுப் பேருந்தின் பின்னால் மோதி 9 பேர். மாயனூர், 2023 பிப்ரவரி 15: விளையாட்டுப் போட்டிக்குப் போன பயணத்தில் காவிரியில் மூழ்கிய புதுக்கோட்டை மாவட்ட அரசுப் பள்ளி மாணவிகள் 4 பேர். வடோதரா ஹர்ணி ஏரி, 2024 ஜனவரி 18: 12 மாணவர்கள், 2 ஆசிரியர்கள். ஒவ்வொன்றுக்குப் பிறகும் நிவாரணத் தொகை, சுற்றறிக்கை, கண்ணீர். அதற்கு அடுத்த டிசம்பரில் அதே மூன்று பேர் இருக்கையில் ஐந்து பேர்.

பின்னிணைப்புக்குப் பதிலாகக் குழு ஒரு பெற்றோர் ஒப்புதல் படிவத்தைச் சேர்த்தது. என்ன நேர்ந்தாலும் யாரும் பொறுப்பல்ல என்று பெற்றவன் கையெழுத்துப் போட வேண்டும். திற்பரப்பு அருவியில் வழுக்கினால் பாறை பொறுப்பு. ராத்திரி வண்டி மரத்தில் மோதினால் மரம் பொறுப்பு. நுழைவுக் கட்டணம் வாங்குகிறவர்கள், உரிமம் கொடுக்கிறவர்கள், கொடியசைத்து வண்டியை வழியனுப்புகிறவர்கள், இவர்களெல்லாம் வெறும் பார்வையாளர்கள்.

நான் பிள்ளைகள் கட்சி. அவர்களுடைய திட்டத்தை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் ஏற்க வேண்டும்; அதற்கு முன் ஒரு வெள்ளோட்டம் நடத்தியாக வேண்டும். வரவேற்புக் குழு, கல்வித் துறை, சுற்றுலாத் துறை, பேரூராட்சி என்று அடித்தவர்கள் அத்தனை பேரும் ராத்திரி பதினொரு மணிக்கு அந்தப் பேருந்தில் ஏறட்டும். மூவர் இருக்கையில் ஐந்து பேர். ஏறும்போதே ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், எங்கள் கண்முன்னால் குடித்துக் காட்ட வேண்டும். விடிய நாலு மணிக்குக் கன்னியாகுமரி, அங்கிருந்து மாத்தூர், சிதறால், திற்பரப்பு, சாயங்காலம் திரும்பல். வழியில் எங்கே வண்டியை நிறுத்துவது என்று அந்தப் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைதான் சொல்வாள். அரசு காரில் யாரும் பின்னால் வரக் கூடாது. ஒப்புதல் படிவத்தில் அவர்கள் வீட்டுக்காரம்மா கையெழுத்துப் போடட்டும்.