கால் மைலுக்கு ஒன்று, வளைவுக்கு ஒன்று

கேள்வி: அதிவேக ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஒரே அமைப்பில் வைத்துக்கொண்டு, நேர்பாதையில் கால் மைல் ஓடும் டிராக் (drag) பந்தயத்திலும், வளைந்து செல்லும் பந்தயக் களத்திலும் ஜெயிக்க முடியுமா?

பதில்: ஓட்ட முடியும், இரண்டிலும் ஜெயிப்பது துர்லபம். இதற்கு அமெரிக்காவின் டாட்ஜ் நிறுவனமே சாட்சி. 8.4 லிட்டர் கொள்ளளவும் பத்து சிலிண்டர்களும் 645 குதிரைச் சக்தியும் கொண்ட 2016-ஆம் வருஷத்து வைப்பர் ஏ.சி.ஆர். காரை அந்நிறுவனம் பந்தயக் களத்துக்கென்றே சிருஷ்டித்தது. அதன் பிரம்மாண்டமான பின் இறக்கையும் முன்புறத் தகடுகளும், உச்ச வேகத்தில் கிட்டத்தட்ட 900 கிலோ பாரத்துக்குச் சமமாகக் காரைத் தரையோடு அழுத்துகின்றன. அந்த அழுத்தத்துக்குக் கிரயமாக, மணிக்கு 330 கிலோமீட்டர் ஓடக்கூடிய வைப்பர் 285-உடன் திருப்தியடைய நேர்ந்தது. ஆனால் 2017-இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் களத்தை, அதன் அத்தனை வளைவுகளோடும், அந்தக் கார்தான் ஏழு நிமிஷம் ஒரு விநாடி சொச்சத்தில் சுற்றி வந்தது.

அதே 2017-இல், அதே நிறுவனம், பந்தய எரிபொருள் ஊற்றினால் 840 குதிரைச் சக்தி தரும் சேலஞ்சர் டீமனை வெளியிட்டது. கால் மைலை, அதாவது 402 மீட்டரை, 9.65 விநாடியில் கடப்பது ஒன்றே அதன் லட்சியம். அதற்காக எடையைக் குறைக்க வேண்டிப் பக்கத்து ஆசனத்தைக்கூடக் கழற்றிவிட்டு, வேண்டுமென்று கேட்டவர்களுக்கு ஒரு டாலர் விலையில் திரும்பக் கொடுத்தார்கள். பணமும் நிபுணர்களும் குறைவில்லாத ஒரு ஸ்தாபனம் இரண்டு காரியத்துக்கு இரண்டு கார் செய்ததென்றால், நாமும் ஸ்பானரைக் கையில் எடுக்குமுன் எந்தப் பந்தயம் என்பதை நிச்சயித்துக்கொள்வதுதான் முறை.

கேள்வி: டிராக் பந்தயத்தில் புறப்படும்போது காரின் மூக்கு ஆகாயத்தைப் பார்க்கிறதே, பார்வையாளர்களை மகிழ்விக்கவா?

பதில்: பின் டயர்களை மகிழ்விக்க. கார் முன்னே பாயும் கணத்தில் அதன் பாரம் பின்னே சாய்கிறது. அந்தப் பாரம் முழுவதும் பின் டயர்களின் மேல் இறங்கினாலன்றி, எத்தனை நூறு குதிரைச் சக்தி இருந்தாலும் அது புகையாகப் போய்விடும். ஆகையால் முன்புற ஷாக் அப்ஸார்பரை எளிதில் மேலெழும்படி தளர்த்தி, பின் டயர்களின் காற்றைக் குறைத்து, தரையைத் தொடும் ரப்பரின் பரப்பை விஸ்தாரமாக்குகிறார்கள். புறப்படுமுன் நடப்பதைச் சற்று அருகில் நின்று பாருங்கள்: தண்ணீர் தெளித்த இடத்தில் பின் சக்கரங்களை நிறுத்தி, முன் பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டு, அவற்றை நின்ற இடத்திலேயே சுழற்றுகிறார்கள், வெண்புகை கிளம்ப, ரப்பரின் மேல்தோல் சூடேறிப் பிசுபிசுத்துத் தார்ச்சாலையைப் பற்றிக்கொள்ளும் பக்குவத்தை அடைகிறது. அதன் பிறகே கோட்டுக்கு வருகிறார்கள். அங்கிருந்து முதல் அறுபது அடியைக் கடக்க எத்தனை நேரமாயிற்று என்பதைத்தான் அனுபவஸ்தர்கள் முதலில் விசாரிப்பார்கள். அந்த அறுபது அடியில் பத்தில் ஒரு பங்கு விநாடியை மிச்சம் பிடித்தவனுக்கு, முடிவுக் கோட்டில் அதைவிடச் சற்று அதிகமாகவே லாபம் கிடைக்கிறது.

கேள்வி: பச்சை விளக்கு எரிந்ததும் தாமதித்துப் புறப்பட்டால் என் நேரக் கணக்கு கெடுமா?

பதில்: கெடாது, பந்தயந்தான் கெடும். சக்கரம் கோட்டிலிருந்து நகர்ந்த பிறகே காரின் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. ஆனால் பக்கத்துப் பாதைக்காரர் உங்களுக்காகக் காத்திருப்பதில்லை.

கேள்வி: டிராக் பந்தயத்துக்காகத் தளர்த்திய சஸ்பென்ஷனோடு களத்தில் இறங்கினால் என்ன ஆகும்?

பதில்: வளைவில் உடல் சாயும்; வெளிப்புற டயரின் வெளி விளிம்பு ஒன்றே அத்தனை பாரத்தையும் சுமந்து தேய்ந்து ஓய்ந்துபோகும். இதைத் தவிர்க்கத்தான் களத்துக்கான கார்களில் சக்கரத்தின் தலைப்பகுதியை உட்புறமாக இரண்டு மூன்று டிகிரி சாய்த்து வைக்கிறார்கள். அதற்கு நெகட்டிவ் கேம்பர் என்று பெயர். நேர்பாதையில் அதே சாய்வு டயரின் பரப்பைக் குறைத்துப் பிடிமானத்தைக் கெடுத்துவிடுகிறது என்பதுதான் சங்கடம்.

எவ்வளவு சாய்ப்பது என்பதை நண்பர்களின் அபிப்பிராயத்தைக் கேட்டு நிர்ணயிக்காதீர்கள், டயரையே கேளுங்கள். கார் சில சுற்றுகள் வேகமாக ஓடி பிட்டுக்குள் வந்ததும், ரப்பர் ஆறுவதற்குள், மெக்கானிக் மண்டியிட்டு உஷ்ணமானியின் ஊசியை டயரின் உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று மூன்று இடங்களில் செருகிப் பார்த்துக் குறித்துக்கொள்கிறார். நடுவில் சூடு மிகுந்திருந்தால் காற்று அதிகம். வெளி ஓரத்தில் மிகுந்திருந்தால் சாய்வு போதவில்லை. உள் ஓரம் மற்ற இரண்டையும்விட வெகுவாகக் கொதித்தால் சாய்வு மிஞ்சிவிட்டது. நோட்டுப் புத்தகமும் பென்சிலுமாக நின்று, ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம் செய்து பார்ப்பவரையே நான் நல்ல ட்யூனர் என்று மதிக்கிறேன். நான்கு திருகுகளை ஒருசேரத் திருப்பியவருக்கு, கார் தேறியபோதும் எதனால் தேறியது என்று தெரியாது.

கேள்வி: இவ்வளவு பிரயத்தனம் எதற்கு? என்ஜினின் கம்ப்யூட்டர் கட்டளைகளை மாற்றி ரீமேப் செய்தால் சக்தி கூடிவிடுமே?

பதில்: கூடும், கூடவே உஷ்ணமும் கூடும். பெட்ரோல் ஒரு பங்கு முழுமையாக எரிய, எடைக் கணக்கில் காற்று ஏறக்குறைய 14.7 பங்கு வேண்டும். ஆனால் டர்போ முழு அழுத்தத்தில் காற்றைத் திணிக்கும்போது, சிலிண்டருக்குள் சூட்டைத் தணிப்பதற்காக, காற்றைச் சுமார் 12 பங்காகவோ அதற்கும் குறைவாகவோ வைத்துப் பெட்ரோலைத் தாராளமாக விடுகிறார்கள். தீப்பொறியை முன்கூட்டியே கொளுத்தினால் சக்தி பெருகும். எல்லை மீறினால், கலவை தானாகவே வெடித்து, 'நாக்' என்று மெக்கானிக்குகள் அஞ்சும் அந்த உலோகத் தட்டல் கேட்கும். பிஸ்டன் பிளப்பதற்கு அது போதும்.

பத்து விநாடி மட்டும் ஓடும் கார் இந்த எல்லையின் விளிம்புவரை போய்த் திரும்பிவிடலாம். டீமனில் ஏர் கண்டிஷனரின் குளிர்ச்சியையே திருப்பிவிட்டு என்ஜினுக்குள் போகும் காற்றைக் குளிர்விக்கிறார்கள். வேறு சிலர் அந்தக் காற்றைக் குளிர்விக்கும் நீர்த் தொட்டியில் ஐஸ் கட்டிகளைக் கொட்டுகிறார்கள். களத்திலோ, இருபது நிமிஷம் இடைவிடாமல் ஓடவேண்டிய இடத்தில், ஐஸ் இரண்டு சுற்றுக்குள் வெந்நீராகிவிடும். ஆதலால் களத்துக்கான மேப்பில் டர்போ அழுத்தத்தையும் தீப்பொறியின் முந்துதலையும் குறைத்து வைப்பதே விவேகம். எத்தனால் மிகுந்த ஈ85 எரிபொருள் நாக்கை நன்றாகத் தடுக்கிறது என்பது வாஸ்தவம். ஆனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகமாகச் செலவாகும் என்பதால், இன்ஜெக்டரும் பம்பும் அதற்குத் தக்கபடி பெரிதாக இருக்கவேண்டும்.

கேள்வி: நீண்ட வளைவுகளில் மட்டும் எண்ணெய் அழுத்த விளக்கு மினுக்கென்று எரிந்து அணைகிறது. பொருட்படுத்த வேண்டுமா?

பதில்: அந்தக் கணமே வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டுங்கள். எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கிவிட, பம்ப் காற்றை உறிஞ்சுகிறது; பேரிங் கருகுவதற்கு விநாடிகள் போதும். என்ஜினின் அடியில் எண்ணெய் தேங்கும் சம்ப்புக்குள் தடுப்புத் தகடுகள் பொருத்துங்கள். வசதியுள்ளவர்கள் டிரை சம்ப் முறைக்கு மாறட்டும்.

கேள்வி: எடையைக் குறைப்பதா, சக்தியைக் கூட்டுவதா?

பதில்: எடையை. புறப்படும்போதும், பிரேக் பிடிக்கும்போதும், திரும்பும்போதும் அது உதவும்.

கேள்வி: நள்ளிரவில் கிழக்குக் கடற்கரைச் சாலை காலியாகத்தானே இருக்கிறது? அங்கே சோதித்துப் பார்த்தால் என்ன?

பதில்: கூடவே கூடாது. அந்தச் சாலையோரத்தில் மீன் கூடையோடு நிற்பவர்களுக்கு உங்கள் பந்தயத்தில் சம்பந்தமில்லை. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், பிற்பாடு இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு களமே அமைத்திருக்கிறது. மோட்டார் சைக்கிள்களுக்கான தேசிய டிராக் பந்தயமும் அங்கே நடந்திருக்கிறது. கோயம்புத்தூர்ப் பக்கத்தில் செட்டிபாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. உங்களுக்கு வேண்டிய நேர்பாதையும் வளைவும் ஆம்புலன்ஸும் அங்கே உண்டு.

கேள்வி: புதிதாகக் களத்தில் இறங்கப்போகிறேன். கையில் உள்ள பணத்தை முதலில் எதில் போடட்டும்?

பதில்: டர்போவில் அல்ல, பிரேக்கில். பிரேக் திரவம் மழைக்கால உப்பைப் போல ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சுபாவமுடையது. டாட் 4 தரத்துத் திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காமல் தாங்கவேண்டுமென்பது விதி. ஈரம் ஏறியபின் அதே விதி 155 டிகிரியோடு திருப்தியடைகிறது. கொதித்த திரவத்தில் குமிழிகள் உண்டாகிவிட்டால், நேர்பாதையின் கடைசியில் நீங்கள் மிதிக்கும் பெடல் தரையைத் தொடும், கார் நிற்காது. எனவே புதிய திரவம், களத்துக்கான பிரேக் பேட், நல்ல டயர், ஒரு நாள் தேர்ந்த பயிற்சியாளரின் பக்கத்தில் உட்கார்ந்து கற்பது, இவை முடிந்த பிறகு மீதமிருக்கும் பணத்தைப் பற்றி எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.