கடன்தான், ஆனால் எப்படிப்பட்ட கடன்?

கேள்வி: பணக்கார நாட்டு அரசுகளின் உதவியால் எங்கள் ஊருக்கு என்ன பயன்? வட்டிக்குத் தருவதற்குப் பெயர் உதவியா? (ராஜபாளையம் வாசகர்)

பதில்: உங்கள் வீட்டுக் குடத்திலிருந்தே தொடங்கலாம். உங்கள் ஊர் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துக்கு வருவது மலைத் தண்ணீர். மேலே காடு இருந்தால்தான் அது ஊறும். 1997-இல் ஜப்பான் அரசின் கடனுதவியோடு தொடங்கிய தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம், சிதைந்த காடுகளில் கன்று நட்டுத் தடுப்பணை கட்டியதோடு நிற்கவில்லை. காட்டோர ஊர்களில் கிராம வனக்குழுக்களை அமைத்து, காட்டை நம்பிப் பிழைத்தவர்கள் கறவை மாடு வாங்கவும் சிறுதொழில் செய்யவும் கடன் கொடுத்தது. மரக்கன்றைவிட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன். பிழைப்புக்கு வேறு வழி காட்டாமல் யாரையும் காட்டுக்குள் போகாதே என்று சொல்ல முடியாது.

வட்டி உண்டுதான். ஆனால் சந்தை வட்டியைவிட மிகக் குறைவு, திருப்பிக் கட்டப் பல பத்தாண்டுகள். காடு வளரும்வரை எந்த வணிக வங்கி காத்திருக்கும்? இதைவிட வலுவான ஆட்சேபம், வெளிப்பணம் நின்றதும் வேலையும் நின்றுவிடும் என்பது. பல நாடுகளில் அப்படி நடந்தும் இருக்கிறது. ஆனால் இங்கே ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயத்தை 1988-லேயே நம் அரசு அறிவித்திருந்தது. 2021-இல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. அக்கறை முதலில் இங்கிருந்தே வந்ததால் கடன் அதற்குத் துணை நின்றது. உங்கள் பக்கத்து ஊர் வனக்குழு இன்னும் கூடுகிறதா என்று வனத்துறையிடம் கேட்டுப் பாருங்கள்.